நுவரெலியாவுக்குப் போகாத பிள்ளைகள் எழுதிய நுவரெலியாக் கட்டுரைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள். தரம் 6 முதல் 11 வரை பிள்ளைகள் படிக்கும் வாப்பா, உம்மாமார் கட்டாயம் வாசியுங்கள். எங்கள் ஆசிரிய நண்பர்களுக்குக் கோபம் வரலாம். கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

போன தவணைப் பரீட்சையில் தரம் 10 பிள்ளைகளுக்கு "நான் கழித்த விடுமுறை" என்று ஒரு தலைப்பில் கட்டுரை கொடுத்தோம். 41 விடைத்தாள்கள். ராத்திரி இஷாவுக்குப் பிறகு திருத்த உட்கார்ந்தோம். முதல் பிள்ளை நுவரெலியாவுக்குப் போயிருந்தாள். "பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்" தேயிலைத் தோட்டம். இரண்டாவது பிள்ளையும் நுவரெலியா. அதே கம்பளம். மூன்றாவதும் அதே. எண்ணிப் பார்த்தோம்: 26 பிள்ளைகள் நுவரெலியாவில். 9 பேர் பேராதனைப் பூங்காவில். 4 பேர் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில். ஒருவன் ஒன்றும் எழுதவில்லை.

மிச்சம் ஒரு பிள்ளை. அவள் பெருநாளைக்கு உம்மம்மா வீட்டுக்குப் போனதை எழுதியிருந்தாள். அரைப் பக்கம்தான். பதினொரு எழுத்துப் பிழை. ல, ள வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உம்மம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் தொட்டுப் பார்த்துத்தான் பேரப்பிள்ளைகளை அடையாளம் காண்கிறாள் என்று எழுதியிருந்தாள்.

நாங்கள் என்ன புள்ளி போட்டோம் தெரியுமா? நுவரெலியாக்காரர்களுக்கு 20 க்கு 15. உம்மம்மா வீட்டுக்காரிக்கு 8.

இந்தப் பதிவு அந்த 8 புள்ளியைப் பற்றியது. குற்றவாளி பிள்ளைகள் இல்லை, நாங்கள்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு எழுதுகிறோம்.

அடுத்த நாள் வகுப்பில் கேட்டோம்: "நுவரெலியாவுக்கு உண்மையாகவே போனவங்க கை உயர்த்துங்க." மூன்று கை. பின்வாங்கில் இருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு, "நீ லீவுக்கு எங்க போன?" என்றோம். வெட்கப்பட்டான். "எங்கயும் போகல்ல சேர். மூத்தவாப்பாவோட வயல் வாடியிலதான் கிடந்தேன்" என்றான். வேளாண்மை வெட்டும் காலம். ராத்திரியில் யானை வரும். யானை வெடியோடு விடியும் வரை காவல். எந்தப் பக்கத்து வரம்பால் யானை இறங்கும், நாய் எப்படிக் குரைத்தால் யானை, எப்படிக் குரைத்தால் பன்றி, நெல்லை விற்கும்போது ஈரம் என்று சொல்லி வியாபாரி மூடைக்கு எத்தனை கிலோ கழிக்கிறான், மூத்தவாப்பா அதற்கு என்ன ஏச்சு ஏசினார்... பத்து நிமிடம் சொன்னான். வகுப்பு முழுக்க வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"இதை ஏன்டா எழுதல்ல?" என்று கேட்டோம்.

அவன் எங்களைப் பாவமாகப் பார்த்துக் கேட்டான்: "சேர், அது கட்டுரையா?"

உறவுகளே, பத்து வருடம் பாடசாலைக்கு வந்த ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. தன்னுடைய வாழ்க்கை எழுதுவதற்கு உகந்தது இல்லை என்று அவன் நம்புகிறான். அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தது நாங்கள்.

எங்கள் பிள்ளைகள் வழமையாக எழுதும் தலைப்புகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். சின்ன வகுப்பில் எனது பாடசாலை, எனது தாய், பசு, எனது பொழுதுபோக்கு. கொஞ்சம் வளர்ந்தால் ஒரு பழைய குடையின் சுயசரிதை, நான் ஒரு பறவையானால். ஓ.எல். வந்தால் சூழல் மாசடைதல், போதையற்ற சமுதாயம், கைத்தொலைபேசியின் நன்மை தீமைகள், இன நல்லிணக்கம், நான் விரும்பும் பெரியார், இயற்கை அனர்த்தங்கள், வாசிப்பின் பயன். எங்கள் வாப்பாமார் எழுதியதும் இவைதான். வானொலியின் பயன் இருந்த இடத்தில் கைத்தொலைபேசி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய குடைக்குச் சுயசரிதை உண்டு. பத்து ரூபாய் நோட்டுக்கும் உண்டு. செருப்புக்கும் உண்டு. எங்கள் பிள்ளைக்கு மட்டும் இல்லை.

தலைப்புகளில் பிழை இருக்கிறதா? இல்லை. நல்ல தலைப்புகள்தான். அந்தத் தலைப்புக்குக் கீழே பிள்ளை எதை எழுதுகிறது என்பதில்தான் பிழை இருக்கிறது. ஒன்றிரண்டை எடுத்துப் பார்ப்போம்.

சூழல் மாசடைதல். எங்கள் பிள்ளைகள் ஓசோன் படை, அமேசன் காடு, டில்லியின் புகை எல்லாம் எழுதுவார்கள். முடிவுரையில் "எனவே நாம் அனைவரும் சூழலைப் பாதுகாப்போமாக". ஆனால் ஒலுவிலுக்கு அந்தப் பக்கம் பள்ளக்காட்டில் குப்பை மேடு இருக்கிறது. நம்முடைய வீட்டுக் குப்பை, நம்முடைய கடைக் குப்பை அங்கே போய்க் கொட்டப்படுகிறது. யானைகள் வந்து சாப்பாட்டோடு சேர்த்துப் பொலித்தீனையும் தின்கின்றன. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்தன என்று 2022 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தி போனது. அமெரிக்காவில் இருப்பவன் பள்ளக்காட்டுப் படத்தைப் பார்த்தான். நம் பிள்ளை பரீட்சைத் தாளில் அமேசனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது. லன்ச் சீட்டை 2017 இல் தடைசெய்தார்கள். இன்று பகல் உங்கள் வீட்டுக்கு வந்த சோற்றுப் பார்சல் எதில் சுற்றி வந்தது என்று பிள்ளையிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதுதான் கட்டுரை.

ஒலுவில் என்றதும் இன்னொன்று. 2013 இல் துறைமுகம் திறந்தார்கள். அதைக் கட்டத் தொடங்கியதில் இருந்து கரையை அலை அரித்துக்கொண்டு வருகிறது. தென்னந்தோப்புகள் கடலுக்குள் போயின. துறைமுக வாயை மண் மூடுகிறது, படகு போக முடியவில்லை. ஒரு பக்கம் மண் சேர்ந்து மறுபக்கம் மண் குறைவது ஏன் என்று அந்த ஊர் மீனவன் எந்தப் புத்தகமும் படிக்காமல் விரலால் மணலில் கோடு கீறிக் காட்டுவான். அவனுடைய மகன் பரீட்சையில் "கடல் வளம்" என்று கட்டுரை எழுதி, இலங்கை இந்து சமுத்திரத்தின் முத்து என்று தொடங்குகிறான். வாப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கலாம் என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

இயற்கை அனர்த்தங்கள். 2004 டிசம்பர் 26 இல் இந்த நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது நம்முடைய அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கு மேல். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் மையித்து இல்லாத வீடு எத்தனை? இப்போது ஓ.எல். எழுதும் பிள்ளைகள் எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் எழுதும் சுனாமிக் கட்டுரையில் சுமாத்திரா இருக்கிறது, ரிக்டர் அளவு இருக்கிறது. தன்னுடைய சொந்தச் சாச்சி அந்தக் காலை என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது இல்லை. கேட்காததால் தெரியாது. கேட்டுச் சொல்லக் கூடியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் இருபது வருடத்தில் நம்மிடம் ரிக்டர் அளவு மட்டும்தான் மிஞ்சும்.

அந்த அழிவுக்குப் பிறகு அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் 500 வீடுகள் கட்டினார்கள். வழக்குக்குப் போய், யாருக்கும் கொடுக்கப்படாமல் வருடக் கணக்கில் பற்றை மூடிக் கிடந்தன. "இன நல்லிணக்கம்" என்று நாங்கள் தலைப்புக் கொடுக்கிறோம். பிள்ளை "மூவின மக்களும் ஒரு கொடியின் மலர்கள்" என்று எழுதுகிறது. அந்த வீடுகள் ஏன் பூட்டிக் கிடந்தன என்று ஒரு பிள்ளையாவது கேட்டுத் தேடி, மூன்று பக்கத்து நியாயத்தையும் எழுதியிருந்தால், அது நல்லிணக்கத்துக்கு எவ்வளவு பெரிய வேலை!

2024 நவம்பர் வெள்ளத்தை எழுதவே கை நடுங்குகிறது. காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்ட மத்ரஸாப் பிள்ளைகளை நாம் எல்லோரும் அழுது அடக்கினோம். அந்தப் பிள்ளைகளின் வயதுதான் எங்கள் வகுப்பில் இருப்பவர்களுக்கும். அதற்குப் பிறகு வந்த பரீட்சையில் "வெள்ளப் பெருக்கு" எழுதியவர்கள், காடழிப்பால் வெள்ளம் வருகிறது என்று எழுதினார்கள். வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும்போது யார் வாகனத்தை மறிக்க வேண்டும், யார் முடிவெடுக்க வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை.

கொரோனாவும் அப்படித்தான். வூஹான் நகரில் தொடங்கும் கட்டுரை, கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதில் முடியும். 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டு நம்முடைய ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறந்து இருபது நாளான பச்சைப் பிள்ளையையும் எரித்தார்கள். பொரளை மயானத்துக் கம்பி வேலியில் நாட்டின் எல்லாச் சமூகத்தவரும் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கத் தொடங்கினார்கள். இது நம் பிள்ளைகளின் கண் முன்னால் நடந்தது. பெரியவர்கள் ராத்திரி ராத்திரியாக அழுததைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். பரீட்சைத் தாளுக்கு வந்ததும் வூஹானுக்குப் போய்விட்டார்கள்.

நான் விரும்பும் பெரியார். அப்துல் கலாம், காந்தி, நெல்சன் மண்டேலா. மூவரையும் நாங்களும் மதிக்கிறோம். ஆனால் 1882 இல் கண்டியில் இருந்து "முஸ்லிம் நேசன்" பத்திரிகை நடத்தி, நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று எழுதி எழுதியே ஏச்சு வாங்கிய சித்திலெவ்வையை எத்தனை பேர் எழுதினார்கள்? 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து, நம் ஏழ்மையைக் கண்ணால் பார்த்து, 1945 இல் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் நிதியம் தொடங்கிய ஏ.எம்.ஏ. அஸீஸை? பக்கத்து ஊரான காரைதீவில் பிறந்து யாழ்நூல் எழுதிய விபுலானந்த அடிகளை? அவர்கள் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. மருதமுனையில் முப்பது வருடமாகக் கைத்தறியில் உட்கார்ந்து நாலு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு உம்மா பெரியார் இல்லையா? மண்டேலாவைப் பற்றி எழுத மண்டேலாவைத் தெரியத் தேவையில்லை, கொப்பி போதும். அந்த உம்மாவைப் பற்றி எழுத அவளோடு பேச வேண்டும். அதனால்தான் மண்டேலா.

இந்தக் கட்டுரைகள் எங்கிருந்து வருகின்றன என்று பெற்றோருக்குத் தெரியும். கடையில் விற்கும் கட்டுரைத் தொகுப்பு. ரியூசன் வகுப்பில் "இந்தப் பத்தில் ஒன்று கட்டாயம் வரும்" என்று கொடுக்கும் தாள். வட்ஸ்அப் குரூப்பில் பி.டி.எப். இப்போது சாட் ஜிபிடி. பாடசாலையில் நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. கரும்பலகையில் எழுதிப்போட்டு, கொப்பியில் பார்த்தெழுதச் சொல்லி, பாடமாக்கி வந்து ஒப்புவிக்கச் சொன்னவர்கள் நாங்கள்தான். கலாசாலையில் எங்களுக்கு அப்படிப் படிப்பிக்கவில்லை. பிள்ளையின் அனுபவத்தில் இருந்து தொடங்கு, பார்க்கச் சொல், பேசச் சொல், பிறகு எழுதச் சொல் என்றுதான் படிப்பித்தார்கள். கற்பித்தல் பயிற்சியில் விரிவுரையாளர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அழகாகச் செய்தும் காட்டினோம். நியமனம் கிடைத்து, பாடத்திட்டம் முடியவில்லை என்று முதல் வருடம் அதிபரிடம் ஏச்சு வாங்கியதும் கரும்பலகைக்குத் திரும்பினோம். அது எங்கள் கோழைத்தனம்.

எதிர்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் நேர்மையாகக் கேட்போம்.

"சேர், புள்ளி முக்கியம். பிள்ளை ஏ எடுக்கணும்." சரி. நாங்களும் அதைத்தான் விரும்புகிறோம். ஆனால் விடைத்தாள் திருத்தும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரே கட்டில் ஒரே கட்டுரை இருபதாவது தடவை வரும்போது திருத்துபவரின் கண் ஓடிவிடும். பாடமாக்கியது என்று முதல் பந்தியிலேயே தெரியும். தலைப்புக் கொஞ்சம் திரும்பி வந்தால் பிள்ளை விழுந்துவிடும். "நீர் மாசடைதல்" பாடமாக்கியவனுக்கு "எங்கள் ஊர்க் குளம்" என்று வந்தால், குளத்தை விட்டுவிட்டு மாசடைதலை எழுதிவிட்டு வருவான். ஏன் புள்ளி குறைந்தது என்று பிறகு நம்மிடம் கேட்பான்.

"பாடமாக்குவது கெட்ட பழக்கமா? நம்முடைய பிள்ளைகள் குர்ஆனையே மனனமிடுகிறார்கள்." நல்ல கேள்வி. மனனத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. நல்ல வசனங்கள், செய்யுள், நம் கிராமத்துக் கவி எல்லாம் மனதில் நிற்க வேண்டும். நினைவில் மொழி இல்லாத பிள்ளைக்கு எழுத வராது. ஆனால் எந்த ஹாபிழாவது தான் ஓதுவது தன் சொந்த வார்த்தை என்று சொல்வாரா? நம் இமாம்கள் ஒரு ஹதீஸை ஏற்க முன்னர், "இதை யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார்" என்று சங்கிலியையே தேடினார்கள். அப்படிப்பட்ட உம்மத்தின் பிள்ளை, போகாத ஊருக்குப் போனதாக, பார்க்காததைப் பார்த்ததாக, வேறொருவரின் வார்த்தையில் "நான்" என்று எழுதுகிறது. நாங்கள் சிவப்புப் பேனையால் "நன்று" என்று எழுதுகிறோம். இதற்கு வேறு பெயர் இருக்கிறது. எழுத விரும்பவில்லை.

மூன்றாவது மறுப்புத்தான் எங்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவர் சொன்னார்: "சேர், எல்லாப் பிள்ளைக்கும் சொல்லக்கூடிய வாழ்க்கை இல்லை. சில வீட்டுக்குள்ளே கஷ்டம் இருக்கு. பாடமாக்கின கட்டுரை அதுகளுக்கு ஒரு பர்தா மாதிரி. அதையும் கழட்டச் சொல்றீங்களா?"

அவர் சொன்னது ஒரு பிள்ளையை மனதில் வைத்து. அந்தப் பிள்ளையை எங்களுக்கும் தெரியும். தரம் 7 இல் "எனது தாய்" என்று கட்டுரை எழுதினாள். "எனது தாய் அதிகாலையில் எழுந்து எனக்குத் தேநீர் தயாரித்துத் தருவார். என் தலையைச் சீவிப் பாடசாலைக்கு அனுப்புவார்." அழகான கையெழுத்து. ஒரு பிழை இல்லை. 20 க்கு 17 போட்டோம். பிறகுதான் தெரியும், அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது உம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனவர். இடையில் ஒரு தரம் வந்து போயிருக்கிறார். தலை சீவி அனுப்புவது ராத்தா.

டீச்சர் சொன்னதில் பாதி உண்மை. தன் காயத்தை மறைக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. எழுதியதைச் சத்தமாக வாசிக்க வைப்பது, மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, வீட்டுக்குப் போய் விசாரிப்பது எல்லாம் கூடாது. வேறு தலைப்புக் கேட்டால் கொடுக்க வேண்டும். ஆனால் மற்றப் பாதியையும் யோசியுங்கள். அந்தப் பிள்ளைக்கு மறைக்க இடம் கொடுத்தோம், சொல்ல இடம் கொடுத்தோமா? "உன் உம்மா தூரத்தில் இருந்தாலும் அவர் உன் உம்மாதான், போனில் கேட்கும் குரலைப் பற்றி எழுதினாலும் அது தாயைப் பற்றிய கட்டுரைதான், உன் தலை சீவும் ராத்தாவைப் பற்றி எழுதினாலும் சரிதான்" என்று ஒரு தடவையாவது சொன்னோமா? சொல்லவில்லை. காலையில் தேநீர் தருபவர்தான் தாய் என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தோம். அந்தக் கொப்பியைப் பார்த்து அவள் தனக்கு இல்லாத ஒரு தாயைப் பிழையில்லாமல் எழுதினாள். அந்த 17 புள்ளி இன்றைக்கும் எங்களைக் குத்துகிறது.

இது வெறும் தமிழ்ப் பாடப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நாற்பது வயதில் இதன் விளைவு தெரியும். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றால் நாம் யாரைத் தேடி ஓடுகிறோம்? காணிப் பிரச்சினை, குடிநீர் இணைப்பு, வடிகான், எதுவானாலும் இன்னொருவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கி, வாசிக்காமல் கையொப்பம் வைக்கிறோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்த அரச அலுவலகத்திடமும் "இந்த வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எங்கே போனது" என்று ஒரு சாதாரண குடிமகன் எழுதிக் கேட்கலாம். ஊரில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்கத் தெரிய வேண்டுமென்றால் நடந்ததை நடந்தபடி, திகதியோடு, இடத்தோடு, தன் வார்த்தையில் எழுதத் தெரிய வேண்டும். அதைத்தான் கட்டுரை வகுப்பில் பழக்க வேண்டியிருந்தது. நாங்கள் பச்சைக் கம்பளம் பழக்கினோம்.

நமக்கு ஒரு அநியாயம் நடக்கும்போது நம்மைப் பற்றி வெளியில் உள்ளவர்கள் எழுதினார்கள், அறிக்கை விட்டார்கள், அவர்களுக்கு நன்றி. நம் கதையை நாமே எழுதக் கூடிய பத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? பெரிய திட்டம் தேவையில்லை. வலயத்தில் இருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

ஆசிரியர்களாகிய நாங்கள் தலைப்பைக் கொஞ்சம் திருப்புவோம். "சூழல் மாசடைதல்" வேண்டாம், "எங்கள் வீட்டுக் குப்பை எங்கே போகிறது?" என்று கொடுப்போம். "நான் விரும்பும் பெரியார்" என்பதற்குப் பதில், "எங்கள் ஒழுங்கையில் ஆகக் கூடுதலாக உழைக்கும் மனிதர்". "இயற்கை அனர்த்தங்கள்" என்பதற்கு, "2004 டிசம்பர் 26 காலை எங்கள் வீட்டில்". எழுத முன்னர் ஒரு பெரியவரிடம் மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்வோம். எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறைப்போம், அது எங்கள் கடமை. ஆனால் உண்மைக்கு முதலில் புள்ளி போட்டுவிட்டுக் குறைப்போம்.

பெற்றோர்களே, கட்டுரைத் தொகுப்பு வாங்கும் காசுக்கு ஒரு வெற்றுக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைத் தூர வைத்துவிட்டு, உங்கள் சின்ன வயதில் நடந்த ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வாப்பா எப்படிக் கடை தொடங்கினார், உம்மா ஏன் படிப்பை விட்டார், எந்த வருடம் ஊரை விட்டு ஓடினோம், எப்போது திரும்பி வந்தோம். அதுதான் உங்கள் பிள்ளையின் பாடநூல்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மீலாத் போட்டி, சுதந்திர தினப் போட்டி என்று நடத்துகிறீர்கள், நல்ல விசயம். ஒரு மாதம் முன்னரே தலைப்பை அறிவித்து, ரியூசன் சேர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை பார்த்தெழுதி, அதற்குக் கிண்ணம் கொடுக்க வேண்டாம். தலைப்பை அந்த இடத்திலேயே கொடுங்கள். ஊரைப் பற்றிக் கொடுங்கள். முதலாம் இடம் யாருடைய பிள்ளைக்கு என்று பார்க்க வேண்டாம்.

சாட் ஜிபிடி வந்துவிட்டது, இனி எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நுவரெலியாக் கட்டுரையை அது எங்கள் பிள்ளைகளைவிட அழகாக எழுதும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாய் எப்படிக் குரைத்தால் யானை, எப்படிக் குரைத்தால் பன்றி என்று மூத்தவாப்பாவின் வாடியில் கிடந்தவனுக்குத்தான் தெரியும். உம்மம்மா தொட்டுப் பார்க்கும்போது அவளுடைய கை எப்படி இருக்கும் என்று அந்தப் பேத்திக்குத்தான் தெரியும். இனி அதற்குத்தான் பெறுமதி.

அந்தப் பையன் இரண்டு கிழமைக்குப் பிறகு வாடிக் கதையை எழுதிக்கொண்டு வந்தான். ஒன்றரைப் பக்கம். பிழை நிறைய இருந்தது, உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். கடைசியில் அவன் முடிவுரை எழுதவில்லை. "எனவே நாம் அனைவரும்" என்று ஒன்றும் இல்லை. விடியும்போது மூத்தவாப்பா வரம்பில் நின்று சுபஹு தொழுதார், நான் வெடியைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நின்றேன் என்று நிறுத்தியிருந்தான். நாங்களும் முடிவுரை கேட்கவில்லை.

உம்மம்மா வீட்டுப் பிள்ளையின் விடைத்தாளையும் திரும்ப வாங்கி 8 ஐ வெட்டினோம். அவளிடம் மன்னிப்பும் கேட்டோம். புதிதாக எவ்வளவு போட்டோம் என்பது எங்களுக்கும் அவளுக்கும் இடையில் இருக்கட்டும்.

பிழையாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், வாசிக்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எங்கேயாவது இருந்து கொப்பி பண்ணிப் போடாதீர்கள்.